தரம் ஏழின் சத்தம்

நான் கோபக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னைப் பற்றி நல்லதாக நினைத்து ஏமாற வேண்டாம். பெயர் லக்சனா. கப்பல்துறைப் பக்கம், கண்டி வீதியோரமாக இருக்கும் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து வந்தபோது எனக்கு இருபத்துமூன்று வயது, இப்போது முப்பத்துநான்கு. இந்தப் பதினொரு வருடத்தில் என் வகுப்பில் ஒரு பிள்ளை தேவையில்லாமல் வாய் திறந்தது கிடையாது. குண்டூசி விழுந்தாலும் கேட்கும் என்பார்களே, என் வகுப்பில் குண்டூசியே விழப் பயப்படும் என்று எங்கள் அதிபர் ஆனந்தராசா சேர் சொல்லிச் சிரிப்பார். அதைக் கேட்க எனக்குப் பெருமையாக இருக்கும். இருந்தது என்றுதான் இப்போது சொல்ல வேண்டும்.

சென்ற வருடம் பெப்ரவரி மாதம் கலீலுர் றஹ்மான் சேர் எங்கள் பாடசாலைக்கு வந்தார். புது ஆசிரியர்தான், ஆனால் வயது நாற்பத்துமூன்று. பட்டம் முடித்து, வேலைக்கு வருடக்கணக்காகக் காத்திருந்து, கடைசியில் மூதூரில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர் என்ற பெயரில் ஒரு மேசையும் கதிரையும் கிடைத்து, அதில் பதின்மூன்று வருடம் இருந்தவர். அவர் ஆசைப்பட்டது படிப்பிக்க. ஆசிரியர் சேவைக்கான பரீட்சையை மூன்று தரம் எழுதி, மூன்றாம் தரம் சித்தியடைந்து, எங்களிடம் வந்து சேர்ந்தார்.

ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. ஒரு வருடம் வழிகாட்டி ஆசிரியர் ஒருவருடைய பார்வையில் படிப்பிக்க வேண்டும். வருடக் கடைசியில் வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் வந்து பாடத்தைப் பார்ப்பார்கள். சரி என்றால் ஆசிரியர் சேவை. சரியில்லை என்றால் பழைய மேசை, பழைய கதிரை. இன்னொரு தரம் பரீட்சை எழுத அவருடைய வயது இடம் கொடுக்காது.

அந்த வழிகாட்டி ஆசிரியர் நான்.

அதற்காக எனக்கு நகரத்தில் ஐந்து நாள் பயிற்சி தந்தார்கள். ஒரு கைநூலும் தந்தார்கள். முதல் பக்கத்திலேயே, வழிகாட்டி என்பவர் முதலில் பார்க்க வேண்டும், பிறகு கேட்க வேண்டும், கடைசியாகத்தான் பேச வேண்டும் என்று இருந்தது. பயிற்சியின் கடைசி நாளில் நான் அதை மேடையில் நின்று விளக்கிக் கைதட்டலும் வாங்கினேன்.

முதல் நாள் நான் ஆசிரியர் அறைக்குள் போனதும் றஹ்மான் சேர் எழுந்து நின்றார். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், நெற்றிப் பக்கம் நரைத்துவிட்டது. எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"இருங்கோ சேர், எனக்கெல்லாம் எழும்பக்கூடாது," என்றேன்.

"இல்ல டீச்சர், நான் இப்ப உங்கட கையாள்தானே," என்றார்.

விளையாட்டுப் பாடம் எடுக்கும் றுவைஸ் சேருக்கு வாய் சும்மா இருக்காது. "லக்சனா டீச்சர்ட பெரிய பிள்ளை வந்திட்டார்!" என்று அறை முழுக்கக் கேட்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தோம். றஹ்மான் சேரும் சேர்ந்து சிரித்தார். "உண்மைதான். மகள் ரிஸ்லா தரம் ஒன்பது. வாப்பா இப்பதான் முதலாம் வகுப்பு," என்றார். அந்தச் சிரிப்போடேயே எனக்கு ஆளைப் பிடித்துவிட்டது. அதையும் சொல்லத்தான் வேண்டும். பிடிக்காத ஆளுக்கு நான் செய்த வேலை இல்லை இது.

எங்கள் பாடசாலையில் தரம் ஏழும் எட்டும் ஒரே மண்டபத்தில் இருக்கின்றன. நடுவில் ஆளுயரப் பலகைத் தட்டி. ஒரு பக்கத்தில் தும்மினால் மறுபக்கத்தில் கேட்கும். அவருக்குத் தரம் ஏழு, எனக்குத் தரம் எட்டு. பக்கத்திலேயே இருந்தால் உதவியாக இருக்கும் என்று அதிபர் போட்ட ஒழுங்கு அது.

முதல் வாரம் அந்தப் பக்கம் சந்தை. றஹ்மான் சேர் பலகையில் எழுதும் எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஆனால் எழுதும் நேரமெல்லாம் முதுகைப் பிள்ளைகளுக்குக் காட்டிக்கொண்டு நிற்பார். திரும்பினாலும், அலுவலகத்துக்கு வந்த பொதுமக்களிடம் பேசுவதுபோல, "தயவுசெய்து கொஞ்சம் பொறுமையா இருங்க," என்பார். முப்பத்தொரு பிள்ளைகள். தரம் ஏழுக்குப் பொறுமை என்று ஒரு சொல் இருப்பதே தெரியாது.

நான்காம் நாள் எனக்குத் தாங்க முடியவில்லை. கையில் இருந்த டஸ்டரின் மரப் பக்கத்தால் தட்டியில் மூன்று தரம் தட்டினேன்.

அந்தப் பக்கம் சட்டென்று அடங்கிவிட்டது. அந்தப் பிள்ளைகளுக்கு முந்தின வருடம் கணிதம் எடுத்தது நான்தான், யாருடைய கை என்று அவர்களுக்குத் தெரியும். பாடவேளை முடிந்ததும் றஹ்மான் சேர் வந்தார். வேர்த்து, சேட்டு முதுகோடு ஒட்டிப்போய் இருந்தது.

"பெரிய உதவி டீச்சர். நான் என்ன செய்றதெண்டு தெரியாம நிண்டன்."

"ஒண்டுக்கும் யோசியாதேங்கோ சேர். நான் பக்கத்திலதானே இருக்கிறன்," என்றேன்.

இதுதான் வழிகாட்டல் என்று நான் மனதார நம்பினேன். ஏப்ரல் வந்தபோது ஒரு நாளைக்கு இரண்டு தரம் தட்டினேன். ஜூனில் நான்கு தரம். சத்தம் வருவதற்கு முதலே, வரப்போகிறது என்று தெரிந்தால் தட்டினேன். அந்தப் பிள்ளைகள் ஏதாவது குழப்படி செய்ய நினைத்தால் தங்கள் சேரைப் பார்ப்பதில்லை, தட்டியைத்தான் பார்க்கிறார்கள் என்று றுவைஸ் சேர் ஒருநாள் பகிடியாகச் சொன்னார். நான் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் மூளை.

ஒன்றுக்கும் உதவாத வழிகாட்டியாக நான் இருக்கவில்லை. பின்நேரங்களில் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்தேன். பலகையோடு கதைக்காதேங்கோ. பேர் சொல்லிக் கூப்பிடுங்கோ. கேள்வி கேட்டால் விடைக்காகக் கொஞ்சம் காத்திருங்கோ, நீங்களே விடையைச் சொல்லிவிடாதேங்கோ. அவர் எல்லாவற்றையும் ஒரு நீளக் கொப்பியில், திகதி போட்டு, இலக்கம் போட்டு எழுதிக்கொள்வார், பழைய அலுவலகப் பழக்கம். அடுத்த நாளே அதைச் செய்தும் பார்ப்பார். மூதூரிலிருந்து முதல் பஸ் எடுத்து, கிண்ணியாப் பாலம் தாண்டி வந்து, ஏழரைக்குக் கையெழுத்துப் புத்தகத்தில் அதிபர் சிவப்புக் கோடு போடும் முன்னமே ஒப்பமிட்டுவிடுவார். ஒரு நாள்கூடப் பிந்தினவர்களோடு கோட்டுக்குக் கீழே அவருடைய பெயர் வந்ததில்லை. பக்கத்திலேயே, பாலையூற்றில் இருந்து வரும் என்னுடைய பெயர் வந்திருக்கிறது.

ஜூலையில் ஒருநாள் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

"டீச்சர், ஒரு பத்து நிமிஷம் தட்டாம விட்டுப் பாத்தா என்ன? நானே சமாளிப்பனோ எண்டு பாக்க ஆசையா இருக்கு."

"விட்டா தலையில ஏறி இருந்திடுவாங்கள் சேர். பிறகு இறக்கேலாது," என்றேன்.

"சரி டீச்சர்," என்றார். அவ்வளவுதான். கொப்பியில் அதையும் எழுதினாரோ தெரியாது.

ஒக்டோபர் முதல் வாரம் கடிதம் வந்தது. பதினாறாம் திகதி மதிப்பீடு. நான் அவரை உட்காரவைத்து, எங்கள் ஊர்ப் பாடசாலைகளில் எல்லோருக்கும் தெரிந்த உபாயத்தைச் சொல்லிக்கொடுத்தேன்.

"புதுப் பாடம் எடுக்கக்கூடாது சேர். போன மாசம் படிப்பிச்ச ஒண்டைத் திருப்பி எடுங்கோ. எல்லாருக்கும் விடை தெரியும், எல்லாரும் கை உயர்த்துவாங்கள். வாறவைக்கும் சந்தோசம், எங்களுக்கும் சந்தோசம்."

அவர் கொப்பியை மூடிவைத்தார். "டீச்சர், நான் பதின்மூண்டு வருஷம் சும்மா கையெழுத்துப் போட்டுச் சம்பளம் எடுத்த ஆள்," என்றார். "இதை ஒருக்கா உண்மையாச் செஞ்சு பாக்கணும். விகிதம் இன்னும் படிப்பிக்கல்ல. அதை எடுக்கப் போறன்."

அவருடைய தம்பிக்கு மூதூரில் சீமெந்து, கம்பி, பெயின்ட் விற்கும் கடை இருந்தது. அங்கேயிருந்து சின்னச் சின்ன டின்களும், கொஞ்சம் மணலும், ஒரு பை சீமெந்தும் கொண்டுவருவாராம். சீமெந்து ஒன்றுக்கு மணல் ஐந்து என்று பிள்ளைகளே அளந்து கலப்பார்களாம். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருடைய தகப்பன்மார் மேசன் வேலைக்கோ, கூலி வேலைக்கோ போகிறவர்கள். அவர்களுக்கு இது தெரிந்த விசயம் என்று கண்ணெல்லாம் விரியச் சொன்னார். நான் சரி என்றேன். மனதுக்குள், இந்த மனுசன் தன் தலையில் தானே மண் போடுகிறாரே என்று நினைத்தேன்.

பதினைந்தாம் திகதி பின்நேரம் நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்குச் சத்தம் கொஞ்சம் வரும் டீச்சர். சண்டை பிடிக்கத்தான் விடப் போறன். அது பாடத்துட சத்தம். நாளைக்கு மட்டும் தட்டாம இருங்க."

"சரி சேர்," என்றேன். தலை நிமிரவில்லை.

அடுத்த நாள் நான்காம் பாடவேளை. வந்தவர்களில் பெரியவர் பாக்கியரத்தினம் சேர், ஓய்வுபெற இன்னும் ஒரு வருடம் இருந்தது அவருக்கு. மற்றவர் ஓர் இளம் டீச்சர், அவருடைய பெயரை நான் கேட்டுவைக்கவில்லை. இருவரும் தரம் ஏழின் பின்பக்கம் கதிரை போட்டு உட்கார்ந்தார்கள். நான் என் வகுப்புக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தட்டியோரம் போய் நின்றேன். காது முழுக்க அந்தப் பக்கம்.

முதல் பதினைந்து நிமிடம் அவர் குரல் தெளிவாக இருந்தது. பேர் சொல்லிக் கூப்பிட்டார். கேள்வி கேட்டுக் காத்திருந்தார். நான் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது, எனக்கு நெஞ்சு நிறைந்தது. பிறகு குழுக்களாகப் பிரித்தார். மேசை இழுபட்டது. டின்கள் மோதின. மணல் கொட்டுப்படும் சத்தம் கேட்டது. மொத்தம் பன்னிரண்டு டின் கலவை வேண்டும், அப்படியென்றால் சீமெந்து எத்தனை டின் என்று ஒரு கேள்வியைப் போட்டார். அதோடு கிளம்பியது.

"பன்னிரண்டை அஞ்சால பிரி!"

"பிரிபடாதுடா!"

அப்போது ஒரு குரல் எல்லாவற்றுக்கும் மேலே எழும்பியது. "அஞ்சு இல்ல! ஒண்டும் அஞ்சும் ஆறு பங்கு! சீமெந்தும் கலவைக்குள்ளதானே போகுது!" யார் இது என்று எனக்குச் சில நொடி பிடிபடவில்லை. டனுஷியா. மேசன் ஒருவருடைய மகள். முந்தின வருடம் முழுவதும் வரவு கூப்பிடும்போது மட்டுமே அந்தக் குரலை நான் கேட்டிருக்கிறேன். "எங்கட அப்பா சொல்லுறவர், வந்து கேட்டுப் பாருங்கோ!" என்று கத்தினாள். "நீ பொய் சொல்லுறாய்!" என்று இன்னொருவன் கத்தினான். யாரோ கதிரையில் ஏறினார்கள். முழு வகுப்பும் ஒரேயடியாகக் கதைத்தது.

பின்பக்கம் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். கையில் படிவம். வகுப்பு சிதறுகிறது என்று எழுதுவார்கள், பிறகு இவருக்கு வழிகாட்டி யார் என்று கேட்பார்கள். என் பெயரைச் சொல்வார்கள். லக்சனா டீச்சர் வழிகாட்டிய ஆளின் வகுப்பா இது என்று கேட்பார்கள்.

டஸ்டரை எடுத்து மூன்று தரம் தட்டினேன். வழக்கத்தைவிடப் பலமாக.

பிறகு கேட்டவர்களிடமெல்லாம், பழக்கதோசத்தில் மறந்துபோய்த் தட்டிவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். அது பொய். அவர் முந்தின நாள் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருந்தது. பாடம் நன்றாகப் போகிறது என்றும் தெரிந்திருந்தது, என் பெயர் கெட்டுவிடும் என்ற பயம்தான் அதைவிடப் பெரிதாக இருந்தது.

தட்டியின் ஓரத்தில் ஓர் இடைவெளி உண்டு. அதற்குள்ளால் பார்த்தேன். முப்பத்தொரு பேரும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மணல் ஒட்டின கைகள். டனுஷியா குனிந்திருந்தாள், முகம் தெரியவில்லை. றஹ்மான் சேர் ஒரு டின்னைக் கையில் பிடித்தபடி நடுவில் நின்றார்.

"கதையுங்க, கதையுங்க பிள்ளையள். டனுஷியா, நீங்க சொன்னதைத் திரும்பச் சொல்லுங்க."

ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் மூன்று பேருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். மூவரும் எழுந்து நின்று தட்டியைப் பார்த்தார்கள். கடைசியில் அவரே விடையைச் சொன்னார். பலகைப் பக்கம் திரும்பி அதை அழகாக எழுதினார். மணி அடிக்கும் வரை எழுதிக்கொண்டே இருந்தார்.

அதிபரின் அறைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். பாக்கியரத்தினம் சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார். "பக்கத்து வகுப்பிலயிருந்து ஆர் தட்டினது?"

"அது எங்கட லக்சனா டீச்சர்," என்றார் ஆனந்தராசா சேர், சிரித்த முகத்தோடு. "அவ தட்டினா முழுப் பள்ளிக்கூடமும் அடங்கும்."

நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

"அப்ப அந்த வகுப்பை நடத்துறது நீங்கள்தான், அவர் இல்லை," என்றார் பாக்கியரத்தினம் சேர். கோபமாகச் சொல்லவில்லை. "சத்தம் எனக்குப் பிரச்சினை இல்லை பிள்ளை. ஆனா ஒருக்கா அடங்கின வகுப்பை அவரால திரும்ப எழுப்ப ஏலாமப் போச்சு. அதைத்தான் நான் எழுதவேணும். வழிகாட்டிக்கும் ஒரு பகுதி இருக்கு, அதை நீங்கள் எழுதித் தாங்கோ. நீங்கள் வித்தியாசமா நினைச்சா அதையும் எழுதலாம்."

இதைவிடப் பெரிதாக ஒரு மனுசர் கதவைத் திறந்துவிட முடியாது.

படிவத்தோடு ஆசிரியர் அறைக்கு வந்தேன். யாரும் இல்லை. வழிகாட்டிக்கான பெட்டிக்குள் நான்கு வரி எழுத இடம் இருந்தது. என்ன எழுத வேண்டும் என்று எனக்குத் தெரியும். அது பாடத்தின் சத்தம். வாய் திறக்காத பிள்ளையை அவர் வாய் திறக்கவைத்தார். தட்ட வேண்டாம் என்று கேட்டும் தட்டியது என் பிழை. இந்த மூன்று வசனத்தையும் மனதுக்குள் ஒழுங்காக அடுக்கிக்கூட வைத்தேன். பிறகு, இதன் கீழே என் ஒப்பம் வருமே, வலயத்தில் பத்துப் பேர் வாசிப்பார்களே என்று நினைத்தேன். அடுத்த வருடம் இவர் இன்னொரு வாய்ப்புக் கேட்கலாம்தானே என்றும் நினைத்தேன். வாய்ப்பே இல்லை என்று தெரிந்துகொண்டே நினைத்தேன். வெட்கம் வந்தால் மனுசருக்கு என்னவெல்லாம் நினைக்கத் தோன்றுகிறது.

"வகுப்பைத் தனித்து நடத்துவதற்கு இவருக்கு மேலும் காலம் தேவை." இதுதான் நான் எழுதியது. கேட்டால் பொய் என்றும் சொல்ல முடியாது. ஒப்பமிட்டேன், திகதி போட்டேன், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

முடிவு நவம்பர் நடுப்பகுதியில் வந்தது. ஆசிரியர் சேவையில் சேர்க்க முடியாது, மாதக் கடைசியில் பழைய அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம் என்றும் அடியில் இருந்தது.

"மேன்முறையீடு போடுங்கோ சேர்," என்றேன்.

"பாப்பம் டீச்சர்," என்றார்.

கடைசி நாள் இடைவேளைக்கு எல்லோருக்கும் றோல்சும் தேத்தண்ணியும் கொடுத்தார். எழுந்து நின்று நாலு வார்த்தை பேசினார். அதில் இரண்டு என்னைப் பற்றி. லக்சனா டீச்சர் இல்லாட்டி நான் இந்தப் பத்து மாசமும் தாக்குப்பிடிச்சிருக்க மாட்டன் என்றார். உண்மையாகவே அப்படி நம்பித்தான் சொன்னார். நான் தட்டில் இருந்த றோல்சைக் கையால் பிய்த்துக்கொண்டே இருந்தேன், ஒரு துண்டுகூட வாய்க்குப் போகவில்லை.

அவருடைய வகுப்பையும் என் தலையில் கட்டினார்கள். டிசம்பரில் தவணைப் பரீட்சை. ஏழுக்கும் எட்டுக்கும் விகிதத்தில் ஒரே மாதிரி ஒரு கேள்வி வந்தது. பழச்சாறும் தண்ணீரும் இரண்டுக்கு ஏழு, மொத்தம் இருபத்தேழு கோப்பை, பழச்சாறு எத்தனை? முதலில் என் தரம் எட்டின் தாள்களைத் திருத்தினேன். முப்பத்துநான்கு பேரில் பதினொரு பேருக்குத்தான் சரி. மிச்சப் பேர், நான் பலகையில் எழுதிக்கொடுத்த வரிகளை அப்படியே அழகாக எழுதிவிட்டு, கடைசியில் ஏழால் பிரித்திருந்தார்கள்.

பிறகு தரம் ஏழின் கட்டை அவிழ்த்தேன். இருபத்தேழு பேருக்குச் சரி. முப்பத்தொன்றில் இருபத்தேழு. நான் அவர்களுக்கு விகிதம் ஒரு நாளும் எடுக்கவில்லை, அந்த மதிப்பீட்டு நாளுக்குப் பிறகு அவரும் அதை மறுபடி தொடவில்லை. அந்த ஒரு பாடவேளை, அதுவும் நான் தட்டுவதற்கு முன்னால் இருந்த அரைவாசி, அவ்வளவுதான் அவர்களுக்குக் கிடைத்தது. டனுஷியா தாளின் ஓரத்தில் ஒன்பது சின்ன டின் கீறியிருந்தாள், இரண்டைக் கறுப்பாக்கி விட்டிருந்தாள். நான் சிவப்புப் பேனையை வைத்துவிட்டு அழுதேன். றுவைஸ் சேர் எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், பிள்ளையள் எல்லாம் பெயிலோ?" என்று கேட்டார்.

விடுமுறை விட்டதும், ஒரு புதன்கிழமை, பஸ் ஏறி மூதூருக்குப் போனேன். இந்த இரண்டு கட்டுத் தாளின் கணக்கையும் அவருக்குச் சொல்ல வேண்டும், மேன்முறையீட்டுக்கு நான் கடிதம் எழுதித் தர வேண்டும், வலயத்துக்கு நானே நேரே போய்ச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன். ஒரு மாதம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இரண்டு நாள்தானே, கெஞ்சினால் எடுப்பார்கள் என்று எனக்கு நானே சொன்னேன். அவர் ஏற்கெனவே போட்டிருக்கவும் கூடும்.

அலுவலகத்தில் நல்ல சனம். றஹ்மான் சேர் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து படிவங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் பழையபடி எழுந்து நின்றார்.

"டீச்சர்! என்ன இந்தப் பக்கம்? இருங்க, இருங்க. தேத்தண்ணி சொல்லவா?"

"வேண்டாம் சேர். மேன்முறையீடு போட்டனீங்களோ?"

"இல்ல டீச்சர்."

"ஏன் சேர்?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார். முன்னால் நின்ற ஒரு பெண்ணிடம் படிவத்தைக் கொடுத்து ஒப்பமிடும் இடத்தைக் காட்டிவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எழுதித்தான் வச்சிருந்தன். ரெண்டு பக்கம். வந்த சேர் ஒரு நாள், ஒரு பாடம்தானே பாத்தார், அவருக்கு என்ன தெரியும் எண்டு ஒரு கோவம். மனுசியும் போடுங்க போடுங்க எண்டு நிண்டா. பிறகு கடிதத்தோட வந்த அறிக்கையில உங்கட பகுதியை வாசிச்சன். வருஷம் முழுக்கப் பக்கத்தில இருந்து பாத்த ஆள் நீங்க. என்னில விருப்பமான ஆளும். நீங்களே அப்படி எழுதினா அது சரியாத்தானே இருக்கும். கிழிச்சுப் போட்டன்."

பஸ்ஸில் சொல்லிப் பார்த்த ஒழுங்கு குழம்பிவிட்டது. எப்படித் தொடங்கினேன் என்று தெரியாது. விடைத்தாளைச் சொன்னேன். இருபத்தேழைச் சொன்னேன், பதினொன்றைச் சொன்னேன். டனுஷியா கீறிய டின்களைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "டனுஷியாவா? அல்ஹம்துலில்லாஹ்," என்றார். அந்தச் சந்தோசத்தின் மேலேயே மிச்சத்தையும் போட்டேன். மறந்துபோய்த் தட்டவில்லை என்றேன். அது நல்ல பாடம் என்று தட்டியோரம் நின்றபோதே எனக்குத் தெரியும் என்றேன். படிவத்தில் வேறொன்று எழுதவேண்டியிருந்ததும், எழுதாமல் விட்டதும் தெரிந்தேதான் என்றேன்.

அவர் கையில் இருந்த பேனையை மூடினார். பின்னால் நின்ற சனத்தில் ஒருவர், "சேர், கொஞ்சம் கெதியா," என்றார். றஹ்மான் சேருக்கு அது கேட்கவில்லை.

"அப்ப, எனக்கு ஏலும் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு," என்றார்.

"ஓம் சேர்."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். திட்டு வாங்கத்தான் அவ்வளவு தூரம் போயிருந்தேன் போலும்.

"எனக்குத்தான் தெரியாமப் போச்சு, டீச்சர்," என்றார்.

பிறகு கதிரையில் உட்கார்ந்து, அடுத்த ஆளின் படிவத்துக்காகக் கையை நீட்டினார்.